சேஷம்

படகுத்துறையிலிருந்து நடந்துவந்த நில அளவர்
நாடாவைக் கீழே வைத்துவிட்டு
முதலில் கேட்டது குடிக்கத் தண்ணீர்.
எதிரே பிரம்மபுத்திரா.
அக்கரை தெரியாத அளவுக்குத் தண்ணீர்.
துலேஸ்வரி சிரிக்காமல் செம்பை நீட்டினாள்,
கூடவே தட்டில் தாமூல்:
ஈரப் பாக்கு, கடித்தால் காது சூடேறும்.

ஜீவச் ஜா தர்பங்காக்காரர்.
மாஜுலித் தீவில் இது அவருக்கு மூன்றாம் குளிர்காலம்.
பேச்சில் கொஞ்சம் அசாமிய மொழி கலந்துவிட்டது,
கணக்கு இன்னும் இந்தியில்தான்.
பட்டாவில் பதினொரு பீகா.
ஆறு கொண்டுபோனது
பத்து பீகா, மூன்று கட்டா, பதின்மூன்று லேசா.
கடைசிக் கட்டத்தின் தலையில் ஒற்றைச் சொல்.

பள்ளியில் படித்த இந்தியைத் தூசு தட்டி
எழுத்தெழுத்தாகக் கூட்டினாள்: ஷே, ஷ்.
அவள் வாய்க்குள் போனதும் அது
ஹேஹ் என்றானது.
அவளூரில் அப்படித்தான் சொல்வார்கள்,
கரையேறியவன் விடும் மூச்சைப் போல.
எண்ணெய் ஹேஹ். சந்தை ஹேஹ்.
டார்ச் பேட்டரி ஹேஹ்.

"முடிந்தது என்று எழுதிவிட்டு
எதற்கு ஐயா நாடா பிடிக்கிறீர்கள்?"

"முடிந்தது என்று யார் எழுதியது?
மீந்தது என்றல்லவா எழுதியிருக்கிறேன்!"

இருவரும் ஒரே தாளைப் பார்த்தார்கள்.
ஒரு வாத்து
தாளின் நிழலில் வந்து நின்றது.

பாக்கின் வேர்வையோடு ஜா விளக்கினார்:
பிரளயத்தில் மலை கரையும், திசை கரையும்,
கரைந்த பின்னும் கரையாமல் கிடப்பவன்,
அதனால்தான் அந்தப் பாம்புக்குச் சேஷன் என்று பெயர்.
மிச்சம். வெறும் மிச்சம்.
அதைச் சுருட்டிப் படுக்கையாக்கி
அதன் மேல் ஒருவர் கண்மூடிக் கிடக்கிறார்,
அடுத்த உலகம் வரும்வரை.

நாம்கரில் கேட்ட கதைதான் அவளுக்கு.
"படுக்கிறவருக்குச் சரி," என்றாள்,
"பாம்புக்குத் தூக்கம் வருமா?"

பிறகு, கேட்காமலே சொன்னாள்.
போன ஆண்டு வெள்ளத்தில்
மூங்கில் பரணில் ஏழு நாள்:
அவள், மகள், நான்கு வாத்து,
மூலையில் சுருண்டு ஒரு நிஜப் பாம்பு.
அது எங்களைத் தாங்கவில்லை.
நாங்கள் அதை அடிக்கவில்லை.
எட்டாம் நாள் தண்ணீர் வடிய
அதுதான் முதலில் இறங்கிப் போனது,
சொல்லிக்கொள்ளாமல்.

நெருப்பில், பகையில், கடனில்
சேஷம் வைக்காதே என்பார்கள் எங்கள் பக்கம்,
என்று தொடங்கிய ஜா
பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.
பதினொரு பீகாவுக்கும் வாங்கிய வங்கிக் கடன்
பதினொரு பீகாவுக்கும் அப்படியே இருக்கிறது.
ஆறு அதில் ஒரு லேசாவைக்கூட அரிக்கவில்லை.

உள்ளே வீட்டுக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நிஜரா
பென்சிலைக் கடித்தபடி கத்தினாள்:
"அம்மா, பாகஹேஹ் மூன்று வருகிறது, சரியா?"

துலேஸ்வரி திரும்பிப் பார்த்தாள்.
பாகஹேஹ்.
வகுத்த பின் மீந்து நிற்பது.
தன் மொழிக்குள்ளேயே,
ஒரு குழந்தையின் நோட்டில்,
அந்தச் சொல் இன்னும் சாகாமல் கிடந்திருக்கிறது.
அவள் அதைச் சொல்லவில்லை.
"டீச்சரைக் கேள்," என்றாள்.

ஒரு கட்டா, ஏழு லேசா.
ஜா எல்லையில் முளை அடித்தார்,
விளிம்பிலிருந்து நான்கு முழம் உள்ளே தள்ளி.
நனைந்த மண்ணை நம்ப முடியாது என்றார்.
படகு போய்விட்டதால்
அன்றிரவு பள்ளிக்கூட வராந்தாவில் படுத்தார்.
இருட்டில் கரை இடிந்து விழும் சத்தம்,
தொப்.
வெகுநேரம் கழித்து இன்னொன்று.
தூக்கம் வரவில்லை.

காலையில் முளை
விளிம்புக்கே போய் நின்றிருந்தது.
பிடுங்கிய குழியில் மண் தள்ளி மிதித்திருந்தாள்,
கால்விரல் தடம் அழியவில்லை.
ஜா நாடாவைப் பிரித்தார்.
பாதி நீட்டினார்.
மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாதவர் போல
மெல்லச் சுருட்டிப் பையில் வைத்தார்.
பிறகு குந்தி உட்கார்ந்து
அளக்காமலே எழுதினார்
ஒரு கட்டா, ஒன்பது லேசா.